இரட்டைப் பதினாலில் ஒடிந்த முனை

கிளாரன்ஸ் ஹார்கிரீவ்ஸ் ஒரு இடத்தில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஓல்டர்ஷா ஊரில் யாரும் பார்த்ததில்லை. தேவாலயத்தில்கூடக் கடைசி பெஞ்சின் ஓரம்தான் அவன் இடம். பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் போதும், கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று எழுந்துவிடுவான். வீட்டில் தட்டில் பாதி உருளைக்கிழங்கு இருக்கும்போதே எழுந்து போய்ப் பின்கட்டுக் குழாய் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வருவான். குழாய் சொட்டாது. அது சொட்டவில்லை என்பதும் அவனுக்கு ஒரு குறைதான்.

அவனைச் சொல்லி என்ன செய்வது, தொழில் அப்படி. பதினான்கு வயதில் கம்பளி மில்லுக்குள் நுழைந்தவன். தறி ஃபிட்டர். அறுபது தறிகள் அவன் பொறுப்பு. அறுபதும் ஒன்றாக இரைகிறபோது ஒன்றின் தாளம் கொஞ்சம் பிசகினாலும், நெய்கிறவளுக்குத் தெரிவதற்கு முன்னால் இவன் கால் கிளம்பிவிடும். முப்பது வருஷம் அப்படி ஓடிய கால், மில் சங்கு ஊதியதும் நில் என்றால் நிற்குமா? போர் வந்தது, டாங்கி பழுதுபார்க்கப் போனான். அங்கேயும் ஓட்டம்தான். 1946-ல் திரும்பி வந்தபோது, ‘ஷெப்பர்ட்ஸ்’ பப்பில், சின்ன அம்பு எறிந்து ஆடுகிற டார்ட்ஸ் பலகையைப் பராமரித்துவந்தவர் செத்துப்போயிருந்தார். அந்த வேலையை யாரும் இவனிடம் கொடுக்கவில்லை. இவனாகப் போய் எடுத்துக்கொண்டான்.

லண்டன்காரர்கள் ஆடுகிற நார்ப் பலகை வேறு. வடக்கே எங்கள் பக்கத்தில் பலகை என்றால் பாப்லர் மரத்தைக் குறுக்கே அறுத்த வட்டம். அது ஈரமாகவே இருக்க வேண்டும். ஈரம் இருந்தால் அம்பு குத்திய ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். காய்ந்தால் வெடித்துவிடும். அதற்காக நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு வைக்கவும் முடியாது, மரம் ஊதி, மேலே அடித்திருக்கிற கம்பி வளையங்கள் பிடுங்கிக்கொண்டு எழும்பிவிடும். ஆட்டம் முடிந்ததும் நிலவறைத் தொட்டியில் இறக்கி, காலையில் எடுத்துத் துடைத்து, பதினான்கு படி ஏற்றிக்கொண்டு வந்து மாட்ட வேண்டும். பன்னிரண்டு வருஷமாக கிளாரன்ஸ் இதைச் செய்தான். சம்பளம் கிடையாது. சனிக்கிழமைக்கு ஒரு பைண்ட் பீர், அதையும் நின்றுகொண்டே குடிப்பான்.

இதில் அடிபட்டது மேவிஸ். அவன் மனைவி. அதே மில்லில், நெய்து வந்த துணியை வெளிச்சத்தில் விரித்துப்போட்டு, முடிச்சும் பிசிறும் முள்வாங்கியால் எடுக்கிற வேலை அவளுக்கு. ஜூலை மாதம் வேக்ஸ் வாரம் வரும். மில்லெல்லாம் ஒரே நாளில் மூடி, ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்விடும். கறிக்கடைக்காரன் போவான், பாதிரியார் போவார், பப்பைப் பூட்டிவிட்டு அதன் முதலாளியும் போவார். சாவியை மட்டும் கிளாரன்ஸிடம் கொடுத்துவிட்டுப் போவார். பலகை இருக்கிறதே. புகை இல்லாத புகைபோக்கிகளுக்குக் கீழே கிளாரன்ஸ் தன்னந்தனியாக, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பலகையை நனைத்துக்கொண்டிருப்பான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். முதலில் போர், பிறகு பலகை. மேவிஸ் அவனோடு ஒரு வேக்ஸ் வாரம்கூட பிளாக்பூல் போனதில்லை.

1958-ல் வேக்ஸுக்கு முந்தின புதன்கிழமை அரையிறுதி ஆட்டம். எதிரணியில் ஒரு தடியன், அம்பை எறிகிறானா ஆணி அடிக்கிறானா என்று தெரியாதபடி எறிந்தான். ஒரு எறியில் முனை ஒடிந்து, பலகையின் விளிம்பில் ஓடுகிற ஒல்லியான, குத்தினால் எண் இரட்டிப்பாகிற இரட்டை வளையத்துக்குள், பதினாலாம் எண்ணுக்கு நேராகப் புதைந்துவிட்டது. இரட்டை வளையத்தில் குத்தித்தான் ஆட்டத்தை முடிக்க வேண்டும். அங்கே ஒரு இரும்புத் துணுக்கு இருந்தால் அதன்மேல் படுகிற அம்பு தெறித்துக் கீழே விழும். இறுதி ஆட்டம் வேக்ஸ் முடிந்த திங்கட்கிழமை.

கிளாரன்ஸ் மூக்குக் குறடு ஒன்றைக் கொண்டுவந்தான். வெளியே தெரிந்த நுனியைப் பிடித்து முறுக்கினான். அது இன்னொரு முறை ஒடிந்தது. இப்போது நுனியே தெரியவில்லை. கத்தியால் தோண்டலாம், ஆனால் தோண்டினால் மரத்தில் வாய் விழும், அந்த வாய் அப்புறம் மூடவே மூடாது. மரத்தை ஊறவைத்து, இளகவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். குறைந்தது ஒரு வாரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டான்.

வீட்டுக்கு வந்து மேவிஸிடம் இதைச் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மரக்கட்டைக்குத் தாகம் எடுத்தா மட்டும் உனக்கு ராத்திரி பகல் தெரியாது” என்றாள். “நான் எதிர்லயே உக்காந்திருக்கேன். என்னைத் தெரியுதா?”

“மேவிஸ் கண்ணு, ஃபைனல் இருக்கு.”

“இருக்கட்டும்.” மேஜையில் ரயில் டிக்கெட்டுகளை வைத்தாள். “இது உனக்கு, போக வர. இது எனக்கு, போக மட்டும்.”

“ஏன், உனக்கு வர்றதுக்கு வேணாமா?”

“வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு டவர் பால்ரூம்ல டான்ஸ். நீ என்கூட ஆடுற. பாதியில தாழ்ப்பாளப் பாக்கறேன், குழாயப் பாக்கறேன்னு ஓடாம ஆடுற. ஆடி முடிச்சப்புறம் வர்ற டிக்கெட் வாங்கலாமா வேணாமான்னு நான் யோசிக்கிறேன். ஃப்ளீட்வுட்ல எங்கக்கா மீன் வறுவல் கடைக்கு ஆள் தேடிக்கிட்டிருக்கா. மேல ரூமும் இருக்காம்.”

அவள் கத்தியிருந்தால் கிளாரன்ஸ் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் தலையணை உறையின் மூலையை மூலையோடு சேர்த்து மடித்தபடி சொன்னாள். கல்யாண வீடுகளில் நடனத்துக்குப் பாண்டு வாத்தியம் ஆரம்பித்ததும் யாருடைய சைக்கிள் செயினையாவது சரிசெய்ய வெளியே போய்விடுகிறவன் அவன். ஆனாலும் சரி என்று தலையாட்டினான்.

சனிக்கிழமை ரயிலில் அவன் மடியில் பழைய பட்டாளத்துப் பை இருந்தது. உள்ளே இருப்பது கோட்டு என்றான். ப்ரெஸ்டன் தாண்டியதும் எதிர் சீட்டுக்காரர் தன் காலணியைப் பார்த்தார்.

“தம்பி, உங்க கோட்டு அழுவுது.”

பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிளாரன்ஸ் பையை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். மேவிஸ் அந்தப் பையை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிளாக்பூல் டவர் தெரிகிறவரை அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

தங்கின இடம் மிஸஸ் த்ரெல்ஃபால் வாடகைக்கு அறை விடுகிற வீடு. காலை பத்துக்கு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும், மாலை ஐந்தரைக்கு முன்னால் உள்ளே வரக்கூடாது, மழை பெய்தாலும் இதே சட்டம்தான். குளியல் தொட்டிக்குத் தனிக் காசு, அதுவும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கிளாரன்ஸ் ஒவ்வொரு நாளும் வெளிச்சம் வருகிறபோதே எழுந்து, குழாயை நூல்போலத் திறந்து சத்தம் வராமல் தொட்டியை நிரப்பி, பலகையை இறக்கி, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காவல் காப்பான். வீடு விழிப்பதற்குள் எடுத்து ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளுவான். எடுக்கிற ஒவ்வொரு தடவையும் குறட்டால் ஒரு முயற்சி. குறட்டின் தடித்த வாய் மரத்தை நசுக்கியதுதான் மிச்சம்.

பகலெல்லாம் அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. மேவிஸ் மணலில் துணி நாற்காலி போட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், சாக்கு இந்நேரம் காய்ந்திருக்கும் என்றான், உட்கார்ந்தான். யாரோ ஒருவருடைய நாற்காலியின் தளர்ந்த திருகாணியை முறுக்கிக் கொடுத்தான். கழுதைச் சவாரிக்காரனிடம் போய் மூன்றாவது கழுதையின் மணி சரியாகக் கட்டவில்லை என்று சொல்லி, அவிழ்த்துக் கட்டினான். கழுதைக்கு அது பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வயிற்று மாத்திரையை மறந்துவிட்டேன் என்று சொல்லி வீட்டுக் கதவைத் தட்டினான். புதன்கிழமையும் தட்டினான்.

“உங்களுக்கு வயித்துல என்ன?” என்று மிஸஸ் த்ரெல்ஃபால் கேட்டாள்.

“ஈரம் பத்தல” என்று சொல்லிவிட்டான். வாயிலிருந்து வந்துவிட்டது.

வியாழக்கிழமை விடியற்காலை, தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவன் நிமிர்ந்து பார்த்தால், கதவில் மிஸஸ் த்ரெல்ஃபால். தலையில் சுருள் ஊசிகள், கையில் துடைப்பம்.

“மிஸ்டர் ஹார்கிரீவ்ஸ், குளிக்கிறது நீங்களா, அதுவா?”

அவன் எழுந்து நின்றான். விளக்கினான். பாப்லர், நீர், இறுதி ஆட்டம், பதினாலின் இரட்டை. அவள் முழுக்கக் கேட்டாள்.

“ரூம் ரெண்டு பேருக்குத்தான் விட்டேன்” என்றாள். “இது மூணாவது ஆள். நாளைக்கு ராத்திரிக்கும் இது இங்க இருந்தா ஆள் கணக்குதான் போடுவேன். சாப்பிடுமா?”

அன்று மணலில் மேவிஸ் கண்ணைத் திறக்காமலே பேசினாள். “நாளைக்கு மூணு மணி.”

“ஞாபகம் இருக்கு.”

“அந்தச் சனியனைத் தூக்கிட்டு இன்னிக்கே ஊருக்குப் போயிடலாம்னு உனக்குத் தோணுதுல்ல?”

தோன்றியது. பொய் சொல்ல வரவில்லை. “டிக்கெட் இருக்குல்ல, அதான் ஒரு தடவை நினைச்சேன்” என்றான்.

“உன் டிக்கெட்தான். எப்ப வேணும்னாலும் போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.” கண்ணைத் திறந்து கடலைப் பார்த்தாள். “சொல்ற காலமெல்லாம் போயிடுச்சு.”

அவன் போகவில்லை. அன்று முழுக்க நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கால் மட்டும் மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கே வீட்டுக்கு வர மேவிஸ் அனுமதி வாங்கியிருந்தாள். அவளே தைத்த ஒரு நீல உடுப்பு, மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தைத்தது. அதை இஸ்திரி போட்டு, கட்டிலில் கவிழ்த்து விரித்து, தூசி படாமல் மேலே ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்திவிட்டு, தலைமுடியைச் சுருட்ட மிஸஸ் த்ரெல்ஃபாலின் சமையலறைக்கு இறங்கிப் போனாள்.

கிளாரன்ஸுக்குக் கிடைத்தது பத்து நிமிஷம். மனுஷன் ஒரு பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்திருக்கலாம். முடியுமா அவனால்? சாக்கைப் பிரித்தான், குளியலறைக்கு ஓடினான், பலகையை நன்றாக ஒரு முழுக்கு முழுக்கி, சொட்டச் சொட்ட ஓடிவந்தான். ஜன்னலுக்குப் பக்கத்தில் வெளிச்சம் விழுவது கட்டிலில்தான். வெள்ளைத் துண்டு ஒன்று தோதாக விரித்திருந்தது. பலகையை அதன்மேல் கவிழ்க்காமல் வைத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு, குறடு எடுத்தான்.

எத்தனை நேரம் மல்லுக்கட்டினான் என்று அவனுக்கே தெரியாது. நிமிர்ந்தபோது மேவிஸ் கதவருகே நின்றிருந்தாள். முடி அழகாகச் சுருண்டிருந்தது.

அவள் வந்து பலகையைத் தூக்கித் தரையில் வைத்தாள். துண்டைத் தூக்கினாள். உடுப்பின் முதுகில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, பலகையின் பின்விளிம்பைக் கட்டியிருக்கிற இரும்புப் பட்டையின் துரு பழுப்பாக ஒரு வில் போட்டிருந்தது. ஒரு சாண் அகலம்.

கிளாரன்ஸ் எழுந்து நின்றான். “துண்டுன்னு நினைச்சேன்” என்றான்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவன் தாங்கியிருப்பான். உடுப்பை நாற்காலியின் முதுகில் போட்டாள். கைப்பையைத் திறந்து ஒரு ஊசியும் தன் முள்வாங்கியும் எடுத்தாள். மில்லில் இருபது வருஷமாகக் கையில் இருப்பது, நுனி மயிர் பிடிக்கிற அளவுக்குத் தேய்ந்திருந்தது.

“நகரு” என்றாள்.

“மேவிஸ், இது வந்து...” பலகையைப் பெண்கள் தொடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆடுகிற அறைக்குள்ளேயே அவர்கள் வருவதில்லை, பக்கத்து லவுஞ்ச் அறையில்தான் உட்காருவார்கள். ஆனால் அதைச் சொல்கிற முகம் அவனுக்கு அப்போது இல்லை. நகர்ந்தான்.

அவள் தரையில் மண்டியிட்டுப் பலகையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். விரலால் தடவிப் பார்த்தாள். ஊறின மரத்தின் இழைகளை ஊசியால் ஒவ்வொன்றாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கினாள்.

“முடிச்சைப் பிடிச்சு இழுத்தா துணிதான் கிழியும்” என்றாள், அவனைப் பார்க்காமல். “சுத்தி இருக்கறத முதல்ல விலக்கணும். அது தானா தலையைக் காட்டும்.”

காட்டியது. பளபளவென்று ஒரு கடுகளவு. முள்வாங்கி இறங்கி அதைப் பிடித்தது. அவள் முறுக்கவில்லை, நேராக, மெதுவாக எடுத்தாள். பின்னாலேயே இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமா, ஆகியிருக்காது.

அந்த முனையை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“புதன்கிழமையே கேட்டிருந்தா புதன்கிழமையே எடுத்திருப்பேன்” என்றாள். “வழியில பப்புல எட்டிப் பாத்து எடுத்துக் குடுத்துட்டு வந்திருப்பேன். பத்தொம்போது வருஷமா உன் எதிர்ல உக்காந்திருக்கேன், மில்லுல இந்த வேலைதான் செய்யறேன். நான் என்ன வேலை செய்யறேன்னாவது தெரியுமா உனக்கு?”

அவன் கையில் இருந்ததைப் பார்த்தான். இதற்காகத்தானா இத்தனை ஓட்டம் என்று இருந்தது. வெட்கமாக இருந்தது.

“சரி, ஆடாம இருக்க இப்ப என்ன சாக்கு?” என்றாள் மேவிஸ்.

“எனக்கு ஆடத் தெரியாது.”

“என்னது?”

“டான்ஸ். தெரியாது. எப்பவுமே தெரியாது. கல்யாணத்தன்னிக்கு முழங்கால்ல வலின்னு சொன்னேனே, வலியெல்லாம் இல்ல. அங்க எல்லாரும் பாக்க, உன் காலை மிதிச்சு...” உள்ளங்கையில் இருந்த முனையை உருட்டினான். “இங்க வராம இருக்கறதுக்குப் பலகை ஒரு நல்ல காரணமா இருந்துச்சு.”

மேவிஸ் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“ஆடத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். “நீ நடக்கறதைப் பாத்தாலே தெரியுமே. அதுக்காகவா பன்னிரண்டு வருஷம் ஒரு மரத்துண்டைக் குளிப்பாட்டின?”

“அதுக்காக மட்டும் இல்ல.”

“பலகையத் தொட்டியிலேந்து எடுத்துட்டு வர்றப்ப எப்படிப் பிடிப்ப?”

“நெஞ்சோட சேத்து. ஒரு கை பின்னால, ஒரு கை பக்கத்துல.”

“நடை?”

“சின்னச் சின்னதா. சிந்தக் கூடாதுல்ல.”

“லவுஞ்ச்லேந்து பாத்திருக்கேன். பதினாலு படி ஏறி வருவ, ஒரு சொட்டு தரையில விழுந்ததில்ல. என்னை அப்படிப் பிடி. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.” எழுந்து நாற்காலியிலிருந்து நீல உடுப்பை எடுத்தாள். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தால் துரு போகும், ஆனால் ஈர உடுப்போடு எங்கே போவது? மணி இரண்டரை. அதையேதான் போட்டுக்கொண்டாள்.

பால்ரூமில் கால் வைக்க இடமில்லை. பாதி ஓல்டர்ஷா அங்கேதான் இருந்தது. கறிக்கடைக்காரன் தன் மனைவியை இடித்து, “கிளாரன்ஸ் ஹார்கிரீவ்ஸைப் பாரு, எதை ரிப்பேர் பண்ண வந்திருக்கான்” என்றது இவர்கள் காதிலும் விழுந்தது. கிளாரன்ஸின் கால் கதவுப் பக்கம் திரும்பியது. போதாததற்குப் பலகை தங்கின அறையின் தரையில், வெயிலில், நனைக்காமல் கிடந்தது. சாக்குக்கூடச் சுற்றவில்லை.

“கையை வை” என்றாள் மேவிஸ். அவன் வலது கையை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். சரியாகத் துருக் கறையின்மேல். அவன் விரித்த கையின் அகலம்தான் அந்தக் கறையும். “இங்க. அங்கேந்து கையை எடுக்காத. எடுத்தா ஊர் பூரா பாக்கும்.”

பாண்டு தொடங்கியது. அவன் அவளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்தான், சிந்தக் கூடாதது ஏதோ கையில் இருப்பதுபோல. முதல் பாட்டில் இரண்டு முறை மிதித்தான். இரண்டாவதில் ஒரு முறை. கூரையிலிருந்து ஒரு விளக்கு சற்றே சாய்ந்து தொங்குவதைக் கண் பார்த்துவிட்டது. கை பரபரத்தது. எடுக்கவில்லை. மூன்றாவது பாட்டு முடிந்து எல்லோரும் கைதட்டினார்கள். அவன் தட்டவில்லை. தட்ட ஒரு கை குறைந்தது.

ஐந்தாவது பாட்டில் அவள் தலையை அவன் தோளில் சாய்த்தபடி கேட்டாள். “வர்ற டிக்கெட்டுக்குக் காசு வெச்சிருக்கியா?”

“கோட்டுப் பையில இருக்கு. வலது பக்கம்.”

“எடுத்துக் குடு.”

“கையை எடுக்கக் கூடாதுன்னியே.”

அவள் அவனை இன்னும் ஒரு சுற்றுத் திருப்பினாள்.

“சரி, எடுக்காத” என்றாள். “காலையில ஸ்டேஷன்ல வாங்கிக்கலாம்.”